முன்வரிசைக்குப் பந்து வரவில்லை

மழை அப்போதுதான் பெய்து ஓய்ந்திருந்தது. ஆக்லாந்தின் லின்ஃபீல்டில் எங்கள் தமிழ் விளையாட்டுக் கழகம் ஆடும் மைதானம் சேறாகிக் கிடந்தது. எதிரணியின் கோல் கம்பத்தடியில் தேங்கிய நீரில் இரண்டு கடற்பறவைகள் நின்றுகொண்டிருந்தன. இரண்டாம் பாதி தொடங்கிக் கால் மணி நேரம் கழிந்த பிறகும் அவை நகரவில்லை. நகர வேண்டிய தேவை அவற்றுக்கு நேரவுமில்லை.

“பாத்தியளே? எங்கட முன்வரிசையின்ர சீத்துவம் உந்தப் பறவையளுக்கும் விளங்கிப் போட்டுது,” என்றார் மதி அண்ணை.

கோட்டோரத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். முன்வரிசையின் நடுவில், இடுப்பில் கைவைத்து, பந்து வரும் திசையைப் பார்த்து நின்றவன் என் தம்பி அன்ரன். அவனே அணித்தலைவன். சிரிப்பொலி அவன் நின்ற இடத்துக்குக் கேட்டிருக்கும். யார் யார் சிரித்தார்கள் என்று அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்தக் குளிர்காலத்தின் ஐந்தாவது உதைபந்தாட்டம் அது. முன்னைய நான்கிலும் நாங்கள் ஒரு கோல்கூட அடிக்கவில்லை. இதுவும் அப்படியே முடியும் என்பது மைதானத்தில் நின்ற அனைவருக்கும் தெரிந்திருந்தது.

கோட்டோரத்துச் சபை

சனிக்கிழமைப் பிற்பகல்களில் அங்கே கூடுகிறவர்களில் பாதிப்பேர் தீர்ப்புச் சொல்வதற்கென்றே வருவார்கள். ஒரு கையில் மீன் ரோல்ஸ், மறு கையில் பிளாஸ்கு மூடியில் ஊற்றிய தேநீர். வாய் மட்டும் ஓய்வதில்லை.

மதி அண்ணை அஞ்சல் பிரிக்கும் நிலையத்தில் வேலை செய்து ஓய்வுபெற்றவர். யாழ்ப்பாணத்தில் இளவயதில் பின்வரிசையில் ஆடியவர் என்பதால், முன்வரிசையில் யார் நின்றாலும் அவருக்குப் பொறுக்காது. அவருக்கு நிரந்தர எதிர்க்கட்சி ராஜ்குமார். மதுரைக்காரர், பேருந்து ஓட்டுநர். எங்கள் ஊர், பாடசாலை, சொந்தபந்த அரசியல் எதுவும் அறியாதவர். ஆகவே அவரால் ஆட்டத்தை மட்டும் பார்க்க முடிந்தது.

“முப்பத்தொன்பது வயசு. முழங்கால் ரெண்டும் போச்சு. இன்னும் கப்டன் எண்டு தூக்கி வைச்சிருக்கினம். ஆளை எடுத்துப்போட்டு ஒரு இளம் பொடியனை விடுங்கோவன்,” என்றார் மதி அண்ணை.

“அண்ணே, அந்தாளு கால்ல பந்து வந்து எவ்வளவு நேரமாச்சுன்னு சொல்லுங்க. வந்தாத்தானே அடிப்பாரு?”

“நல்ல ஆட்டக்காரன் பந்தைத் தேடிப் போவான், தம்பி.”

“தேடிப் போனா இடத்துல நிக்கிறதில்லம்பீங்க. நின்னா மரமாட்டம் நிக்கிறான்ம்பீங்க. இதுக்கு பஸ் ஓட்டுறவன் பொழப்பே தேவலண்ணே. எங்கள லேட்டுனு மட்டுந்தான் திட்டுவாங்க.”

ராஜ்குமாருடைய மைத்துனர் அமெரிக்காவில் இருக்கிறார். அவர் தூண்டிவிட்டதில், திங்கட்கிழமைக் காலைகளில் பேருந்து நிலையத்து ஓய்வறையில் அமர்ந்து அந்த நாட்டு உதைபந்தாட்டத்தைக் கைபேசியில் பார்ப்பது ராஜ்குமாருக்கு வழக்கமாகிவிட்டது. பந்தைக் கையால் தூக்கிக்கொண்டு ஓடுகிற அதை உதைபந்து என்று ஒப்புக்கொள்ள மதி அண்ணை மறுத்தார். ஆனாலும் ராஜ்குமார் விடவில்லை.

“அங்க பந்த எறியிறவனுக்கு முன்னால அஞ்சு தடியனுங்க அரணா நிப்பாங்க. அவனுங்க ஓட்டையா இருந்தா, எறியிறவன் நிமிந்து பாக்குறதுக்குள்ள படுத்துருவான். ஆனா ஊரே எறியிறவனத்தான் திட்டும். முதலாளியும் அஞ்சு பேரை மாத்த மாட்டான், எறியிறவனத்தான் மாத்துவான். எந்த நாடா இருந்தா என்னண்ணே, நிர்வாகம்னா ஒரே புத்திதான்.”

நான் அவர்களுக்குச் சற்றுத் தள்ளி, மடக்கு நாற்காலியில் அமர்ந்திருந்தேன். கழகத்தின் செயலாளர் என்ற முறையில் ஆட்டக்காரர் பட்டியலை நிரப்பி நடுவரிடம் கொடுப்பது என் வேலை. அதன் பிரதி மடியில் இருந்தது. அதன் பின்புறத்தில் நான் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். நான் வேலை செய்யும் நூலகத்தில் பழகிய பழக்கம் அது. எத்தனை பேர் உள்ளே வருகிறார்கள், எத்தனை பேர் குழந்தைகள் பகுதிக்குப் போகிறார்கள் என்றெல்லாம் ஆண்டுக்கொருமுறை கோடு போட்டுக் கணக்கெடுப்போம்.

அன்று நான் எண்ணியது பந்தை. நடுக்களத்திலிருந்து முன்வரிசைக்கு எத்தனை முறை வந்தது என்று. முதற்பாதியில் நான்கு கோடுகள். அவற்றில் இரண்டுதான் அன்ரனுக்கு.

“என்ன மேடம், வந்ததுலேருந்து எழுதிக்கிட்டே இருக்கீங்க?” என்று ராஜ்குமார் குனிந்து பார்த்தார். காட்டினேன். அவர் நெடுநேரம் பார்த்தார்.

“இத கமிட்டியில காட்டிருங்க மேடம். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

“ஓம், காட்டுறன்,” என்றேன்.

நடுக்களத்துப் பிள்ளைகள்

நடுக்களத்தில் ஆடிய மூவரும் நல்ல பிள்ளைகள். அதை முதலில் சொல்லிவிட வேண்டும். மூவரும் இந்த நாட்டில் பிறந்தவர்கள், ஒரே பாடசாலையில் படித்தவர்கள். ஒருவன் பந்தைத் தொடும் முன்பே மற்றவன் எங்கே நிற்பான் என்று அறிந்தவர்கள். அதனால் தமக்குள்ளேயே பந்தை அழகாகச் சுற்றவிட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த அழகு கோலை நோக்கிப் போகவில்லை.

அன்ரன் தமிழில் கத்துவான். அவர்கள் ஆங்கிலத்தில் பதில் சொல்வார்கள்.

“கௌதம்! வலப்பக்கம் வெறுமையாக் கிடக்கு, குடடா!”

“ரிலாக்ஸ், அங்கிள்.”

“நான் உனக்குக் களத்துக்கு வெளியிலதான் அங்கிள். உள்ளுக்குக் கப்டன்!”

கௌதம் முகத்தைத் திருப்பிக்கொள்வான். அடுத்த பத்து நிமிடத்துக்கு அன்ரனின் பக்கம் பந்து போகாது. இதில் வஞ்சம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. திட்டுகிற பெரியவரிடமிருந்து விலகி நிற்கும் இளையோரின் இயல்புதான். ஒரு பயிற்றுநர் மூவரில் ஒருவனை ஒரே ஒரு ஆட்டத்துக்கு வெளியே இருத்தியிருந்தால் சரியாகியிருக்கும்.

எங்கள் பயிற்றுநரால் அது முடியாது. கௌதமின் தந்தை சிவநேசன் அண்ணை கழகத்தின் தலைவர். மற்ற இருவரின் தந்தையரும் நிர்வாகக் குழுவில் இருந்தார்கள். பயிற்றுநர் ஒருமுறை வாய்திறந்தபோது, “பிள்ளையள் இப்பதான் தமிழ்ச் சனத்தோட சேர வெளிக்கிட்டிருக்குதுகள், அதையும் கெடுத்துப் போடாதையும்,” என்று சிவநேசன் அண்ணை சொன்னதை நானே கேட்டேன். அது பொய்யான கவலையும் அல்ல. பிள்ளைகள் நம்மை விட்டுப் போய்விடுவார்கள் என்ற பயத்தை இந்த நகரத்துத் தமிழர் எவரிடமும் எழுப்பலாம். அதற்குமுன் எந்த நியாயமும் நிற்காது.

தம்பி ஆடக் கண்டது

எனக்கும் அன்ரனுக்கும் பன்னிரண்டு வயது வித்தியாசம். நான் மணமாகிப் புறப்பட்டபோது அவன் சிறு பிள்ளை. அவன் ஆட்டக்காரனாக வளர்ந்த காலம் முழுவதையும் நான் கடிதங்களில் மட்டுமே அறிந்தேன். ஒரு கடிதத்தில், “மன்னாரில் இரண்டு கோல்” என்று எழுதியிருப்பான். அடுத்தது எட்டு மாதம் கழித்து வேறொரு விலாசத்திலிருந்து வரும். அதில் ஆட்டத்தைப் பற்றி ஒரு சொல்லும் இராது. இடையில் என்ன நடந்தது என்று நான் கேட்டதில்லை, அவனும் சொன்னதில்லை.

ஆகவே என் தம்பி ஆடுவதை நான் முதன்முதலில் கண்டது ஆக்லாந்தில்தான். அப்போது எனக்கு நாற்பது கடந்திருந்தது. வீடுகளுக்கு வர்ணம் பூசும் வேலையிலிருந்து நேராக வந்திருந்தான். காதோரத்தில் வெள்ளை வர்ணம் காய்ந்திருந்தது. வலப்புறமிருந்து உயர்ந்து வந்த பந்தை நெஞ்சில் வாங்கி, அது நிலம் தொடும் முன் திரும்பி அடித்தான். வலை அசைந்தது. இவ்வளவு அழகான ஒன்று எங்கள் குடும்பத்தில் இருந்திருக்கிறது, எனக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது என்று நினைத்தேன்.

இந்த நாட்டில் அவனை எல்லோரும் ‘அந்தப் பெயின்ற் அடிக்கிற அன்ரன்’ என்றார்கள். அகதியாக வந்தவன் என்பதையும் சிலர் சேர்த்துக்கொண்டார்கள். அணித்தலைவனின் கைப்பட்டி கிடைத்த பிறகு ‘கப்டன்’ என்றார்கள். அந்த ஒரு சொல்லில்தான் அவன் இங்கே நிமிர்ந்து நடந்தான். இதை நான் அறிவேன். அறிந்துதான் பின்வருவதைச் செய்தேன்.

ஏகமனதாக

கூட்டம் ஹில்ஸ்பரோவில், சிவநேசன் அண்ணை வீட்டில், ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு நடந்தது. ஏழு பேர் இருந்தோம். கேசரி வந்தது, தேநீர் வந்தது. பிறகு முன்வரிசை வந்தது.

கோட்டோரத்தில் ஐந்து கிழமையாகப் பேசப்பட்டவை அனைத்தும் அங்கே நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்து அமர்ந்தன. “புதிய இரத்தம் வேணும்.” “தலைமைத்துவத்தில ஒரு மாற்றம்.” “தனிப்பட்ட முறையில ஆருக்கும் எதிரில்லை.” அன்ரனை அணியிலிருந்து விடுவிக்க வேண்டும் என்பது பிரேரணை. நடுக்களத்தைப் பற்றி எவரும் வாய் திறக்கவில்லை.

என் கைப்பையில் அந்தப் பட்டியல் இருந்தது. மடித்தபடி இருந்தது.

சிவநேசன் அண்ணை என்னைப் பார்த்துச் சொன்னார்: “தங்கச்சி, உங்களுக்குச் சங்கடமான விஷயம். நீங்கள் விரும்பினால் இதில கலந்துகொள்ளாமல் இருக்கலாம். ஒருத்தரும் குறை நினைக்கமாட்டினம்.”

கனிவோடுதான் சொன்னார். அந்தக் கனிவு எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது என்பதை இப்போது எழுதக் கூசுகிறது.

எங்கள் கழகத்தின் யாப்பில், உறவினரைப் பற்றிய தீர்மானத்தில் ஒருவர் வாக்களிக்கக்கூடாது என்ற விதி எதுவும் இல்லை. தம் பிள்ளைகளை அணியில் வைத்திருந்த தந்தையர் அதே மேசையில் கையைத் துடைத்துக்கொண்டு வாக்களிக்கத் தயாராக இருந்தார்கள். அக்காக்காரி என்பதால் கதைக்கிறாள் என்று எவரும் சொல்லிவிடக்கூடாது என்ற கவலை எனக்கு மட்டுமே இருந்தது. ஆயுள் முழுவதும் புத்தகங்களோடு இருந்தவள். நடுநிலை என்ற சொல்லை நான் மிகவும் மதித்தேன். யாருக்கு அது உதவுகிறது என்று அன்று கேட்டுப் பார்க்கவில்லை.

மூவர் ஆதரித்துக் கை தூக்கினார்கள். இருவர் எதிர்த்தார்கள். தலைவர் வாக்களிப்பதில்லை. நான் குறிப்பேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் எதிர்த்திருந்தால் சமனாகியிருக்கும். சமனானால் விடயத்தை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளுவது எங்கள் வழக்கம். அதற்குள் அந்தப் பருவமே முடிந்திருக்கும்.

தமிழ்ச் சங்கங்களில் வேலை செய்தவர்களுக்கு அடுத்தது தெரியும். உள்ளே எத்தனை பேர் எப்படிச் சண்டையிட்டாலும், கூட்டறிக்கையில் ‘ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது’ என்றுதான் எழுதுவோம். வெளியில் பிளவு தெரியக்கூடாது. கழகம் தொடங்கிய நாளிலிருந்து ஒவ்வொரு தீர்மானத்தையும் நான் அப்படித்தான் எழுதியிருந்தேன். அன்றும் எழுதினேன்.

கடிதம்

தீர்மானத்தை உரியவருக்குக் கடித மூலம் அறிவிப்பது செயலாளரின் கடமை. “தம்பிதானே தங்கச்சி, போன்ல ஒரு சொல்லுச் சொன்னாக் காணும்,” என்றார் சிவநேசன் அண்ணை. நான் மறுத்தேன். மற்றவர்களுக்கு எப்படியோ அப்படியே அவனுக்கும் என்றேன். அப்படிச் சொன்னபோது எனக்குள் சிறு பெருமிதம் இருந்தது.

‘அன்புடையீர், தங்களது நீண்டகால அர்ப்பணிப்புக்குக் கழகம் கடமைப்பட்டுள்ளது. அணியின் எதிர்கால நலன் கருதி, தங்களை அணித்தலைவர் பொறுப்பிலிருந்தும் அணியிலிருந்தும் விடுவிப்பதென நிர்வாகக் குழு ஏகமனதாகத் தீர்மானித்துள்ளது.’ கீழே என் கையொப்பம். சந்திப்பிழை இல்லாத கடிதம். இருமுறை சரிபார்த்தேன்.

அவன் தொலைபேசியில் அழைக்கவில்லை. மூன்றாம் நாள் மாலை வீட்டு மணி அடித்தது. நான் அடுப்படியில் நின்றேன். கதவைத் திறந்தவர் என் கணவர். திரும்பி வந்தவரின் கையில் ஒரு பொலித்தீன் பை இருந்தது. உள்ளே துவைத்து மடித்த கைப்பட்டி.

“உள்ளுக்கு வாவன் எண்டு கேட்டனான். வேலை கிடக்காம்,” என்றார். பிறகு, “நீ என்னத்தை எழுதினனீ?” என்று கேட்டார். நான் கடிதத்தின் பிரதியைக் காட்டினேன். அவர் வாசித்துவிட்டு மேசைமேல் வைத்தார்.

நத்தார்ப் பண்டிகைக்கு அன்ரன் மனைவி பிள்ளைகளோடு வந்தான். நன்றாகச் சாப்பிட்டான். அதுவரை என்னை ‘நீ’ என்று உரிமையோடு அழைத்தவன், அன்று ஒவ்வொரு வாக்கியத்திலும் ‘நீங்கள்’ என்றான். மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை.

அதற்கு முன்பே முடிந்துவிட்ட அந்தப் பருவத்தில், அவனில்லாத அணி எஞ்சிய ஆட்டங்களில் ஒரே ஒரு கோல் பெற்றது. அதையும் எதிரணியின் பின்வரிசைக்காரர் ஒருவர் தவறுதலாகத் தம் வலைக்குள்ளேயே அடித்துத் தந்தார். பருவ முடிவில் கழகம் ஒரு பிரிவு கீழே இறங்கியது.

கடைசி ஆட்டத்தன்று கௌதம் அனுப்பிய உயரப்பந்து ஒன்று முன்வரிசையில் எவரும் இல்லாத இடத்தில் விழுந்து உருண்டு போனது. மதி அண்ணை பெருமூச்சு விட்டார்.

“அன்ரன் நிண்டிருந்தால் உது கோல்.”

“நீங்கதானண்ணே தூக்கச் சொன்னீங்க,” என்றார் ராஜ்குமார்.

“நான் சும்மா கதைக்கிறனான். நான் சொல்லுறதைக் கேட்டே கொமிற்றி முடிவெடுக்கிறது?”

ராஜ்குமார் என்னைப் பார்த்தார். “அந்தப் பேப்பர் என்னாச்சு மேடம்?” என்று மெதுவாகக் கேட்டார். நான் கைப்பையை மூடினேன். அவர் தேநீரை முடித்துவிட்டு, வேலைக்கு நேரமாயிற்று என்று எழுந்து போனார். அன்று அவருக்கு விடுமுறை என்பதைச் சற்று முன்புதான் சொல்லியிருந்தார்.

நகரத்தின் மறுபக்கம்

அன்ரன் பக்குரங்காவுக்கு வீடு மாறினான். வேலைக்கு வசதி என்றான். அங்கே முப்பத்தைந்து கடந்தவர்களின் அணி ஒன்றில் ஆடுகிறான் என்பதை அவனுடைய மனைவி வழியாக அறிந்தேன். கொரியர், பசிபிக் தீவுக்காரர், ஒன்றிரண்டு வெள்ளையர் சேர்ந்த அணி. தமிழர் எவரும் இல்லை.

ஒரு பருவம் முழுவதும் தயங்கினேன். அடுத்த பருவத்தில் ஒரு சனிக்கிழமை காரை எடுத்துக்கொண்டு போனேன். வழிநெடுக ஒரே வாக்கியத்தைத் திருத்திக்கொண்டு போனேன்.

முற்பாதியில் அவன் ஒரு கோல் அடித்தான். சாதாரணக் கோல்தான். யாரோ சரியான நேரத்தில் சரியான இடத்துக்குப் பந்தை அனுப்பினார்கள், அவன் காலை வைத்தான். ஆறேழு பேர் ஓடிவந்து அவன் தலையில் தட்டினார்கள்.

இடைவேளையில் கோட்டோரத்துக்கு வந்தான். என்னைக் கண்டதில் அவனுக்கு வியப்பில்லை. “வாங்கோ அக்கா,” என்று சொல்லிவிட்டு வாங்குப் பலகையில் அமர்ந்து சப்பாத்தின் கயிற்றை அவிழ்த்துக் கட்டத் தொடங்கினான்.

“தம்பி, அந்தக் கடிதத்தில ஏகமனதாக எண்டு போட்டது… அது வழமையாப் போடுறது. நான் உனக்கு எதிராக் கை தூக்கேல்லை.”

“தெரியும் அக்கா.”

“தெரியுமோ?”

“ஆர் தூக்கினது, ஆர் தூக்கேல்லை எண்டு அண்டைக்குப் பின்னேரமே ஊர் முழுக்கத் தெரியும். நீங்கள் கோடு போட்டு எண்ணினதையும் ராஜ்குமார் சொன்னவர்.” கயிற்றை இறுக்கினான். “உதைச் சொல்லத்தானே இவ்வளவு தூரம் வந்தனீங்கள்? எதிராத் தூக்கேல்லை எண்டு?”

நான் வழிநெடுகத் திருத்திய வாக்கியம் அவ்வளவுதான்.

“எனக்காகத் தூக்கினவை ரெண்டு பேர்,” என்றான். குரலில் கோபம் இல்லை. “ஒராள் பருத்தித்துறை. மற்றாள் மன்னார். ரெண்டு பேரும் எனக்கு ஒரு சொந்தமும் இல்லை.”

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவனுடைய அணியைச் சேர்ந்த ஒருவர் தண்ணீர்ப் போத்தலோடு வந்தார். டொங்காவைச் சேர்ந்த பெரிய உருவம், சிரித்த முகம். எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்து, இவர் யார், உன் வீட்டாளா என்று ஆங்கிலத்தில் கேட்டார். முகச்சாயல் அவ்வளவு தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும்.

அன்ரன் எழுந்து நின்றான்.

“இல்லை. என் பழைய கழகத்தின் செயலாளர்,” என்றான் அவரிடம்.

அவர் தம் கையைச் சட்டையில் துடைத்துவிட்டு நீட்டினார். எங்கள் ஆளைத் திருப்பிக் கூட்டிப்போக வந்தீர்களா, தரமாட்டோம் என்று உரக்கச் சிரித்தார்.

நான் அவருடைய கையைப் பற்றிக் குலுக்கினேன். இல்லை, ஆட்டம் பார்க்கத்தான் வந்தேன் என்றேன்.